நிதியாண்டு முடியும் வரை

சிறையில் தெக்கஸ்தேவுக்கு இன்சுலின் கிடைக்கவில்லை என்ற செய்தி அப்ரெஹெத்துக்கு வந்த அதே ஜனவரியில்தான், வாஷிங்டனில் உள்ள இருதரப்பு மதச் சுதந்திர ஆணையம் தன் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தை எழுத உட்கார்ந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

நான் கெப்ரே. வாஷிங்டனை ஒட்டிய அலெக்ஸாண்ட்ரியாவில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அப்ரெஹெத் எங்கள் ஊர்க்காரி. ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் சிறு சபையைச் சேர்ந்தவள். முதியோர் இல்லம் ஒன்றில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சாப்பிட வைக்கும் வேலை. அவள் கணவன் தெக்கஸ்தே ஊரில் பாடகன். எங்கள் நாட்டில் அரசு அனுமதித்த சபைகள் சில உண்டு. மற்ற சபைகளின் பாட்டைப் பாடினால் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒரு கல்யாண வீட்டில் பாடிக்கொண்டிருந்தவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு இல்லை, தண்டனை இத்தனை வருஷம் என்ற கணக்கும் இல்லை. எந்த நாடு என்று நான் எழுதப் போவதில்லை. ஆணையத்தோடு பழகியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. பெயரைச் சொன்னால் அங்கே உள்ள இரண்டு கட்சிப் பக்கத்தில் ஒரு பக்கம் வருத்தப்படும்.

அந்தச் சிறையிலிருந்து தப்பி எல்லை தாண்டிய ஒருவன் ஃபோனில் சொன்னான். "அக்கா, கால் வீங்கிருச்சு. கண்ணு மங்குது. மருந்து வாசல்வரைக்கும் வருது, உள்ள விட மாட்டேங்குறாங்க. வெளிநாட்டுலேர்ந்து ஏதாவது பெரிய இடத்துக் கடுதாசி வந்தா விடுவாங்க. போன வருஷம் ஒருத்தருக்கு விட்டாங்க."

பெரிய இடம் என்றதும் எங்களுக்கு ஆணையம்தான் நினைவுக்கு வந்தது. தெக்கஸ்தேவின் படம் அவர்கள் சுவரில் மாட்டியிருந்தது.

ஆணையத்தின் கூட்ட அறையில் ஒரு நீள மேசை. ஒரு கட்சி நியமித்தவர்கள் சன்னல் பக்கம் உட்காருவார்கள், மற்றக் கட்சி நியமித்தவர்கள் கதவுப் பக்கம். தேர்தலில் ஆட்சி மாறினால் எழுந்து இடம் மாறுவார்கள். அப்போது சன்னல் பக்கத்துக்குத் தலைவர் ஹார்லன் ஸ்ட்ரவுட், கதவுப் பக்கத்துக்குத் துணைத்தலைவர் டெல்ஃபின் மார்க்கெட்டி. இரண்டு பக்கத்திலும் சேராதவர் கிரெட்சன் வோர்ஹீஸ் என்ற திட்ட இயக்குநர் ஒருவர்தான். அதனால் எல்லா வேலையும் அவர் தலையில். எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அப்ரெஹெத் சொன்னது முழுவதையும் கேட்டார். கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

"உங்க வீட்டுக்காரர் எங்களுக்கு ரொம்ப முக்கியமானவர்," என்றார். "பழைய திட்டத்துல மூணாவது இலக்குக்குக் கீழ இருந்தார்."

"இப்ப எங்க இருக்காரு மேடம்?"

"அதுதான் சிக்கல். பழைய திட்டம் செப்டம்பரோட முடிஞ்சிருச்சு. புதுசு இன்னும் வரலை. நடுவுல இருக்கிற இந்தக் காலத்துல அவர் எந்த இலக்குக்கும் கீழ இல்லை."

"ஜெயில்லதான இருக்காரு."

"அங்க இருக்காரும்மா. எங்ககிட்டதான் இல்லை."

அப்ரெஹெத் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைக் குடித்தேன்.

"ஒரு கடுதாசி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"எழுத பத்து நிமிஷம். அது எந்த இலக்கை நிறைவேத்துதுன்னு எழுதத்தான் நாளாகும்." கிரெட்சன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இலக்கு இல்லாம கடிதம் அனுப்பினா, மேல இருக்கிற கண்காணிப்புக் குழு ஏன் அனுப்பினீங்கன்னு கேப்பாங்க. அனுப்பலேன்னா கேக்க மாட்டாங்க."

வெறும் கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. திட்டம் எழுதும் முகாமுக்கு, பாதிக்கப்பட்டவர்களின் பிரதிநிதியாக அப்ரெஹெத்தை அழைத்தார். நேரில் வந்து பேசினால் வேகம் பிடிக்கும் என்றார்.

மார்ச்சில் வர்ஜீனியா மலைப்பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்து விடுதியில் முகாம். நான்தான் காரில் கூட்டிப்போனேன். மொழிபெயர்ப்பாளன் என்று சொல்லி என்னையும் உள்ளே விட்டார்கள். அப்ரெஹெத்துக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அங்கே பேசிய ஆங்கிலம்தான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

முகாமை நடத்த வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்ஸோடு கம்பளத்தில் நடந்துகொண்டே பேசினார்.

"மதச் சுதந்திரம் ஒரு மிருகமா இருந்தா, என்ன மிருகமா இருக்கும்? யோசிக்காதீங்க. மனசுல என்ன வருதோ அதைச் சொல்லுங்க."

"கழுகு," என்றார் ஸ்ட்ரவுட்.

"நானும் கழுகுன்னுதான் சொல்றேன்," என்றார் மார்க்கெட்டி. "ஆனா அவர் சொன்ன கழுகு இல்லை."

சிங்கம் வந்தது, டால்ஃபின் வந்தது, இன்னும் இரண்டு கழுகுகள் வந்தன. கடைசியில் அப்ரெஹெத்தின் முறை.

"கழுதை," என்றாள்.

ஸ்ட்ரவுட்டின் முகம் சுருங்கியது. கழுதை கதவுப் பக்கக் கட்சியின் சின்னம், யானை சன்னல் பக்கக் கட்சியின் சின்னம். அப்ரெஹெத் அதையெல்லாம் யோசிக்கவில்லை. அவள் விளக்கினாள்: "எங்க ஊர்ல ஆளாளுக்கு அது மேல மூட்டையை ஏத்துவாங்க. எங்க போகணும்னு அதுகிட்ட யாரும் கேக்குறதில்லை."

"பிரமாதமாச் சொன்னீங்க," என்றார் நிபுணர். ஸ்ட்ரவுட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கூடவே யானையையும் சேத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"யானையை நான் பாத்ததே இல்லையே."

"பாக்கணும்னு இல்லை. ஒரு சமநிலைக்காக."

பலகையில் 'கழுதையும் யானையும்' என்று எழுதினார்கள். இரு பக்கமும் தலையசைத்தது. முகாமின் முதல் ஒருமனதான தீர்மானம் அது.

அடுத்ததாக ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்து, ஐந்து வருஷம் கழித்து நாம் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரே சொல்லில் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் 'ஒளி', 'பாலம்', 'தலைமை' என்றெல்லாம் எழுதினார்கள். அப்ரெஹெத் 'இன்சுலின்' என்று எழுதினாள்.

நிபுணர் அதை வாங்கிப் படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இது ரொம்ப வலிமையான சொல். ஆனா இது ஒரு செயல். நாம இப்ப தொலைநோக்குல இருக்கோம். செயலுக்கு வர இன்னும் நாலு படி இறங்கணும்." அந்தத் தாளை மூலையில் தனியாக இருந்த ஒரு பலகையில் ஒட்டினார். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைப்பவற்றுக்கான அந்தப் பலகையின் தலையில் 'வண்டி நிறுத்துமிடம்' என்று எழுதியிருந்தது.

"எப்ப வெளிய எடுப்பீங்க?" என்று நான் கேட்டேன். தொழில்முறையில் எனக்கு அந்தக் கவலை உண்டு.

"நேரம் வரும்போது."

சாயங்காலம் அந்தப் பலகையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் 'இன்சுலின்'. மற்றதில் 'காபி ஆறிப் போயிருக்கிறது'. மறுநாள் காலை காபி சூடாக வந்தது.

முகாம் வீணாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கிரெட்சன் ஒரு வழி கண்டுபிடித்தார். திட்டம் வரும்வரை ஒரு கடிதத்தை மட்டும் 'சோதனை முயற்சி' என்ற பெயரில் அனுப்பலாம் என்று இரு பக்கத்தையும் சம்மதிக்க வைத்தார். ஏப்ரல் முழுக்க அந்தக் கடிதத்தின் வாசகம் பேசப்பட்டது. நாங்கள் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து கேட்டோம்.

'அநியாயமாகச் சிறையில் அடைக்கப்பட்ட திரு. தெக்கஸ்தே' என்று கிரெட்சன் எழுதியிருந்தார். நியாயம் அநியாயம் என்பது தீர்ப்பு, தீர்ப்புச் சொல்ல நாம் நீதிமன்றம் இல்லை என்றது கதவுப் பக்கம். 'தன்னிச்சையாக' என்று போடலாம் என்றது. தன்னிச்சையாக என்றால் அவரே இஷ்டப்பட்டுப் போனது போல இருக்கிறது என்றது சன்னல் பக்கம். மூன்று கூட்டம் முடிந்து இரண்டு சொல்லையும் எடுத்தார்கள். பிறகு 'அடைக்கப்பட்ட' என்றால் யார் அடைத்தார்கள் என்ற கேள்வி வரும் என்று அதையும் எடுத்தார்கள்.

கடைசியில் 'சிறையில் இருக்கும் திரு. தெக்கஸ்தே' என்று நின்றது.

"என்ன அண்ணே, அவரு அங்க வேலை பாக்குற மாதிரி இருக்கு," என்றாள் அப்ரெஹெத் காரில்.

"சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுச் சொல்றேன்," என்றேன். அவள் சிரித்தாள். அந்த வருஷம் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கடிதம் தயார். ஆனால் ஆணையத்தில் ஜோடி விதி என்று ஒன்று உண்டு. சன்னல் பக்கம் ஒரு கைதிக்காகக் கடிதம் அனுப்பினால், அதே நாளில் கதவுப் பக்கமும் ஒரு கைதிக்காக அனுப்ப வேண்டும். தெக்கஸ்தே சன்னல் பக்கம் எடுத்துக்கொண்ட ஆள். அவனுக்கு ஜோடியாக வேறொரு நாட்டில், கடவுள் இல்லை என்று எழுதியதற்காக உள்ளே போன ஒரு பள்ளி ஆசிரியரைக் கதவுப் பக்கம் வைத்திருந்தது. இரண்டு கடிதமும் மே மாதக் கடைசியில் கையெழுத்தாவதாக இருந்தது.

அன்று நாங்கள் போனபோது அறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆசிரியரை அவர் நாட்டு அரசு முந்தின நாள் விடுதலை செய்துவிட்டதாம். இளவரசருக்கு மகன் பிறந்த சந்தோஷத்தில் நூறு பேரை விட்டார்கள், அதில் இவரும் ஒருவர். அப்ரெஹெத்தும் கை தட்டினாள். ஒரு துண்டு கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "அவர் பொண்டாட்டிகிட்ட பேசினீங்களா? என்ன சொன்னாங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிரெட்சன் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்.

"அப்ரெஹெத், இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. உங்க வீட்டுக்காரருக்கு இப்ப ஜோடி இல்லை."

"புரியலை மேடம்."

"அவர் ஒத்தையா நிக்கிறார். ஒத்தைக் கடிதம் போகாது. கதவுப் பக்கம் புது ஆளைத் தேடணும். திட்டம் வர்ற நேரத்துல சோதனை முயற்சியைத் திரும்பத் தொடங்க வேண்டாம்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க." அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "போன வாரம் நானே யாருக்கும் சொல்லாம உங்க நாட்டுத் தூதரகத்துக்கு ஃபோன் பண்ணேன். எடுத்தவர் மரியாதையாத்தான் பேசினார். இது எந்தப் பக்கத்தோட அழைப்புன்னு கேட்டார். என்னால பதில் சொல்ல முடியலை."

அப்ரெஹெத் கேக்கைச் சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கார்வரைக்கும் கையிலேயே கொண்டுவந்தாள்.

ஜூனில் நாடாளுமன்றத்தின் கண்காணிப்புக் குழு ஆணையத்தை விசாரணைக்குக் கூப்பிட்டது. ஐந்தாண்டுத் திட்டம் ஏன் தாமதம் என்பது கேள்வி. ஸ்ட்ரவுட்டுக்கும் மார்க்கெட்டிக்கும் பின்னால், கேமராவில் விழும்படி அப்ரெஹெத்தை உட்கார வைத்தார்கள். தெக்கஸ்தேவின் படத்தை மடியில் வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் உயரமாகப் பிடிக்கும்படி ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

குழுவின் தலைவர் வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "போன அஞ்சு வருஷத்துல உங்க முயற்சியால எத்தனை பேர் வெளிய வந்தாங்க?"

ஸ்ட்ரவுட் மைக்கை அருகில் இழுத்துக்கொண்டார்.

"ஐயா, ஒரு கைதி வெளிய வந்தா அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதுல எங்க பங்கு இதுன்னு சொல்லிக்கிறது அகம்பாவம். ஆனா ஒரு கைதி உள்ளேயே இருந்தா, அவருக்காக நாங்க தொடர்ந்து குரல் குடுக்கிறோம்னு உறுதியாச் சொல்லலாம். அதை அளக்கவும் முடியும். அதனால புதுத் திட்டத்துல விடுதலையை அளவுகோலா வைக்கலை. தொடர்ச்சியை வெச்சிருக்கோம்."

"துணைத்தலைவர் என்ன சொல்றீங்க?"

"என் சகா சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் ஏத்துக்கலை," என்றார் மார்க்கெட்டி. "ஆனா எங்க பக்கம் தனியா, சுதந்திரமா யோசிச்சு, அதே முடிவுக்கு வந்து சேந்துச்சு. இந்த நாட்டுல இரு தரப்பும் சேந்து வேலை செய்ய முடியுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது."

குழுத்தலைவருக்குத் திருப்தி. "அளக்கக்கூடியதா இருக்கு, அதுதான் வேணும். போன வருஷம் தொடர்ச்சி எவ்வளவு?"

"நூத்துக்குத் தொண்ணூத்தாறு."

"மிச்சம் நாலு?"

"அவங்க வெளிய வந்துட்டாங்க ஐயா. அடுத்த வருஷம் சரி பண்ணிருவோம்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அதைத் தட்டச்சு செய்துகொண்டாள்.

திரும்பி வரும்போது பாலத்தில் வண்டிகள் நெரிந்து நின்றன. அப்ரெஹெத் மடியிலிருந்த படத்தைப் பையில் வைத்தாள்.

"அண்ணே, அவங்க கடைசியில சொன்னது எனக்குச் சரியாப் புரிஞ்சுதா?"

"சரியாத்தான் புரிஞ்சுது."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

ஜூலைக் கடைசியில் திட்டம் நிறைவேறியது. அழகாக அச்சடித்திருந்தார்கள். தெக்கஸ்தே இரண்டாவது இலக்குக்குக் கீழே வந்துவிட்டான். புது ஜோடியும் கிடைத்தது. வேறொரு நாட்டில், வேறொரு மதத்தைச் சேர்ந்த ஒரு செவிலிப் பெண். தன் வழிபாட்டுத் துணியைக் கழற்ற மறுத்ததால் உள்ளே இருந்தாள். இருவருக்கும் ஒரே நாளில் கடிதம், நிதியாண்டு முடிவதற்குள், அதாவது செப்டம்பர் முப்பதுக்குள் நிச்சயம் போகும் என்று கிரெட்சன் ஃபோனில் சொன்னார். அந்த ஞாயிறு அப்ரெஹெத் சபையில் எழுந்து, கடவுள் வழி காட்டினார் என்று சாட்சி சொன்னாள். எல்லாரும் எழுந்து நின்று ஜெபித்தோம்.

ஆகஸ்டில் தெக்கஸ்தே இறந்துபோனான்.

சிறைக் காவலன் ஒருவனின் சொந்தக்காரர் வழியாகச் செய்தி எங்கள் பாஸ்டருக்குத்தான் முதலில் வந்தது. எங்களில் சாவுச் செய்தியை ஃபோனில் சொல்ல மாட்டோம். வேண்டியவர்கள் எல்லாரும் கூடி, விடிவதற்கு முன் வாசலில் போய் நிற்போம். நிற்பதே செய்தி. அன்று அவள் மாடிப்படியில் பதினைந்து இருபது பேர் நின்றோம். பாஸ்டர் கதவைத் தட்டினார்.

வேலைக்குப் போகிற உடுப்பில் வந்து திறந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் என் முகம்.

"இத்தனை பேருக்குக் காபி போடப் பாத்திரம் இல்லையே அண்ணே," என்றாள். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெண்கள் அவளுக்குக் கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மடக்கு நாற்காலிகள் வந்தன. யாரோ காபிக்கொட்டை வறுத்தார்கள், யாரோ பெரிய பாத்திரத்தில் பருப்புக் குழம்பு கொண்டுவந்தார்கள். அவள் அழவில்லை. மூன்றாவது நாள்தான் அழுகை வரும், விடுங்கள் என்றார்கள் அனுபவப்பட்டவர்கள்.

மூன்றாவது நாள் ஆணையம் வந்தது. ஸ்ட்ரவுட்டோடு ஒருவர், மார்க்கெட்டியோடு ஒருவர், நடுவில் கிரெட்சன். காலணிகளைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வந்தார்கள். மௌன அஞ்சலி செலுத்தலாமா என்று ஸ்ட்ரவுட் கேட்டார். இரண்டு நிமிடம் நின்றோம், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம். முதல் நிமிடம் முடிந்ததும் ஸ்ட்ரவுட் மார்க்கெட்டியைப் பார்த்துத் தலையசைத்தார், மார்க்கெட்டி தன் நிமிடத்தைத் தொடங்கினார். இரண்டு மௌனத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு ஸ்ட்ரவுட் தொண்டையைச் செருமினார். "உங்க இழப்பு இந்த ஆணையத்தோட இழப்பு. அதனாலதான் ஒரு வேண்டுகோள். அவர் இறந்ததை அவங்க அரசாங்கம் இன்னும் அறிவிக்கலை. அதனால நாங்களா அறிவிக்காம இருந்தா அது பொய் ஆகாது. நிதியாண்டு முடியறவரைக்கும் அவர் திட்டத்துல இருக்கட்டும்னு நாங்க நினைக்கிறோம்."

"இது அவருக்குச் செய்யற கௌரவம்," என்றார் மார்க்கெட்டி. "எங்க பக்கமும் இதை முழுசா ஆதரிக்குது."

பெண்கள் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. நான் எழுந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கிரெட்சன் நாற்காலியை விட்டிறங்கி அப்ரெஹெத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நான் உள்ளதைச் சொல்றேன். பேரை எடுத்தா, திட்டத்தைத் திரும்ப முதல்லேர்ந்து நிறைவேத்தணும்னு கண்காணிப்புக் குழு சொல்லும். அதுக்காகத்தான் இவங்க வந்திருக்காங்க. ஆனா இன்னொண்ணு இருக்கு. அவர் பேரை எடுத்துட்டா அந்தச் செவிலிப் பொண்ணு ஒத்தை ஆயிருவா. அவளோட கடிதமும் நின்னு போயிரும்."

அப்ரெஹெத் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"இருபத்தி நாலு."

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. வாரா வாரம் எனக்கு ஃபோன் பண்ணுவாங்க."

அப்ரெஹெத் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். தோளில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்து மடித்து, அலமாரியைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"அப்ப வெச்சுக்கோங்க," என்றாள். "அவரு உயிரோட இருக்கட்டும்."

பாஸ்டர் அவள் அருகில் போனார். "அம்மா, இது நம்ம வழக்கம் இல்லைம்மா. துக்கத்தைப் பாதியில நிறுத்தக் கூடாது."

"அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா பாஸ்டர். இவரு கொஞ்ச நாள் காத்துக்கிட்டு இருப்பாரு. காத்துக்கிட்டு இருக்க அவருக்குத் தெரியும்." எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. செப்டம்பர் முடியட்டும். அப்புறமா வாங்க."

நாற்காலிகளை மடித்தோம். மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். முதியோர் இல்லத்தில் அவள் குளிப்பாட்டும் ஒரு கிழவர் வழக்கம்போல, "உன் புருஷன் எப்படி இருக்கான்?" என்று கேட்டாராம். "அப்படியேதான் இருக்காரு" என்று சொன்னாளாம். ஆணையத்திலிருந்து மாதாமாதம் வரும் நிலவர அறிக்கையை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். தெக்கஸ்தேவின் பெயருக்கு எதிரே 'தொடர்கிறது' என்று இருந்தது. "இன்னொரு தடவை வாசிங்க" என்றாள். வாசித்தேன்.

துக்கத்தை அடக்கி வைத்தால் உடம்பு தாங்காது என்பார்கள். அவள் மெலிந்துகொண்டே போனாள். தனியாகக் காரில் வரும்போது மட்டும் அவனைப் பற்றிப் பேசுவாள். அவனுக்கு மேல் சுருதி எட்டாது, எட்டாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருமுவது போல நடிப்பான் என்றாள். 'நடிப்பாரு' என்றுதான் சொன்னாள். 'நடிச்சாரு' என்று இறந்தவர்களைச் சொல்கிற மாதிரி ஒருபோதும் சொல்லவில்லை.

அந்தச் செவிலியின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் அவளை விட்டுவிட்டார்கள். கடிதத்தாலா, வேறு எதனாலாவதா, யாருக்கும் தெரியாது. அவளால் ஆணையத்தின் தொடர்ச்சி விகிதம் கொஞ்சம் குறைந்தது என்று கேள்வி.

செப்டம்பர் முப்பது அன்று மத்தியானத்திலிருந்தே நாங்கள் அப்ரெஹெத்தின் வீட்டில் கூட ஆரம்பித்தோம். யாரும் கறுப்பு உடுத்தவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. விருந்துக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். அவள் எல்லாருக்கும் காபி ஊற்றினாள்.

கடிதம் இன்னும் போகவில்லை என்று மூன்று மணிக்குத் தகவல் வந்தது. யார் கையெழுத்து இடது பக்கம், யார் கையெழுத்து வலது பக்கம் என்பதில் பேச்சு நடக்கிறதாம். நாலு மணிக்கு, இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் அவர் இடது, இன்னொன்றில் இவர் இடது என்று முடிவானதாம். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிரெட்சனே கூப்பிட்டார். அப்ரெஹெத் ஃபோனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

"போயிருச்சு அப்ரெஹெத். ரெண்டு கடிதமும் போயிருச்சு. நானே கையில எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன்."

"அந்தப் பொண்ணோடதும்?"

"அவளோடதும்."

"அவருக்கு என்னன்னு எழுதியிருக்கீங்க?"

கிரெட்சன் வாசித்தார். சிறையில் இருக்கும் திரு. தெக்கஸ்தேவுக்குக் காலதாமதமின்றி இன்சுலின் வழங்க வேண்டும் என்று இருந்தது. மரியாதையான, சுருக்கமான கடிதம். ஜனவரியில் போயிருக்க வேண்டிய கடிதம்.

"நல்லா இருக்கு மேடம்," என்றாள் அப்ரெஹெத். அவள் சொன்னதில் குத்தல் இல்லை. பிறகு ஃபோனுக்கு அருகில் குனிந்து, ஓர் அலுவலகத்தில் அனுமதி கேட்கும் குரலில் கேட்டாள்:

"இப்ப அவரு சாகலாமா?"

நான் ஃபோனை அவளுக்கு இன்னும் அருகில் நகர்த்தினேன்.

"சாகலாம்," என்றார் கிரெட்சன். குரல் உடைந்திருந்தது.

"சரி மேடம்."

அலமாரியைத் திறந்து கறுப்புத் துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். தரையில் பெண்கள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.